ரெண்டாங்கம்பி

1939 பிப்ரவரி 9, வியாழன். மன்சனீயோ.

மீன் வாங்கப் போனேன். ஒன்று போதும் என்றேன். கடைக்காரர் பழக்கத்தில் இரண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். பிறகு நினைவு வந்து ஒன்றைத் திரும்பக் கூடையில் போட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

என் மனைவி எதெல்மிரா என்னை விட்டு ஓல்கீன் ஊருக்குப் போனது ஜனவரியில், மூன்று அரசர் திருநாள் முடிந்த கையோடு. அங்கே அவள் அத்தை தையல் கடை வைத்திருக்கிறாள். நடுவில் வேறு ஆண் யாரும் இல்லை. சண்டையும் இல்லை. தையல் மெஷினை வண்டியில் ஏற்றும்போது ஒரு பக்கம் நானேதான் பிடித்தேன். "இந்த வீட்டுல சுவரோட பேசினாக்கூட எதிரொலி வருது லௌரியானோ. உன்கிட்ட அதுவும் இல்ல" என்றாள். பன்னிரண்டு வருடம் கிதார் வாசித்தவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை!

மெஷின் இருந்த இடத்தில் தரை தேய்ந்து நான்கு குழி. அதன் மேல் நாற்காலியைப் போட்டுப் பார்த்தேன். கால்கள் பொருந்தவில்லை.

பிப்ரவரி 13

மழை. செருப்புப் பட்டறையில் பதினாறு ஜோடிக்கு அடித்தோல் வெட்டினேன். வீட்டுக்கு வந்து பாட்டு எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

நேற்று மீனவர் சங்கத்தில் நடனம். நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் குழு ஆறு பேர். நான் கிதார், பாட்டுகளும் பெரும்பாலும் என்னுடையவை. பாடுவது சிப்ரியானோ. பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, ஊரிலேயே பெரிய வாய். நேற்று நான்காவதாக என் 'விளக்கை அணைக்காதே' எடுத்தோம்.

விளக்கை அணைக்காதே, பெண்ணே,
நான் வரும் வழி நீளம்;
கடற்காற்று என் தொப்பியைத் தட்டும்,
உன் சன்னல்தான் என் அடையாளம்.

முன் பாதி இப்படி மெதுவாகப் போகும். பின் பாதியில், எங்கள் தீவின் எந்த சோன் நடனப் பாட்டிலும் நடப்பது போல, தாளம் சூடுபிடிக்கும். குழுவெல்லாம் ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகன் வாய்க்கு வந்ததை இட்டுக்கட்டுவான். சிப்ரியானோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குப் புரியவில்லை. பிறகு ஆரம்பித்தான்:

ஐஸ்காரன் வந்தானே, கதவைத் தட்டினானே!
ஐஸ் உருகும் முன்னே அவ உருகிட்டாளே!

கூடம் வெடித்தது. எந்த ஐஸ்காரன்? வீடு வீடாக ஐஸ்கட்டி போடுகிறவர்களில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை. ஆனால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "விளக்கு அணைஞ்சு போச்சு, கிதார்காரன் வழி தவறிட்டான்" என்று அடுத்த வரி. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். திரும்ப வாசித்தோம்.

என் கை நிற்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். தாளம் துளிகூடப் பிசகாமல், என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு நானே வாசித்துக் கொடுத்தேன்.

முடிந்து கிதாரை உறையில் போடும்போது சிப்ரியானோ தோளில் கை போட்டான். "சும்மா தமாஷுடா! மூஞ்சியைப் பாரு, புளிச்ச பால் மாதிரி."

பிப்ரவரி 20

பட்டறையில் சுத்தியல் தட்டும் தாளத்தில் 'ஐஸ்காரன் வந்தானே'. நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்தினார்கள். பாடியே இருக்கலாம்.

மார்ச் 5, ஞாயிறு

போன வாரம் சிப்ரியானோவிடம் கேட்டேவிட்டேன். அவன் வீட்டு முற்றத்தில், அவன் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது.

"என்னைப் பத்திப் பாடாதே."

"அடப்பாவி, நிஜமாவே வலிக்குதா?"

"வலிக்குது."

தீனித் தட்டைக் கீழே வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. "சரி, இனிமே உன்னைத் தொட மாட்டேன். அம்மா மேல சத்தியம்" என்றான்.

சத்தியத்தைக் காப்பாற்றினான். நேற்று பாடியது இது:

மன்சனீயோ தையல்காரி, ஊசி நூலு எங்கடீ?
ஊரையெல்லாம் தைச்சவ உன் வீட்டைக் கிழிச்சிட்டியேடீ!

அதற்குப் பின்னால் அதே ஐஸ்காரன் பல்லவி. ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து சொன்னான்: "பார்த்தியா? இப்ப எல்லாரும் உன் பக்கம். உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்."

நிஜமும் அதுதான். வாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, "விடு, போனவ போகட்டும்" என்றார்கள். ஒருவர் ரம் வாங்கிக் கொடுத்தார். ஒரு நிமிடம், ஒரே நிமிடம், எனக்கு அது நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த ரம் எதற்கு வாங்கிக் கொடுத்தது என்று உறைத்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

இன்று ஊரில் எந்த வாத்தியமும் கிடையாது. மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றேன். வெயில். ஒரு நாயும் குரைக்கவில்லை. நிம்மதி என்று எழுதப் போனேன். நிம்மதி இல்லை இது. சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

மே 17

சந்தியாகோவிலிருந்து திரும்பினோம். வானொலி நிலையத்தில் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள், அந்தப் பாட்டுக்காகவே. கண்ணாடிக்குப் பின்னால் அறிவிப்பாளர், நரைத்த மீசை, கையில் பென்சில்.

"பாட்டு யாரோடது?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். "லௌரியானோ வெர்தேசியா" என்றேன்.

"இசை, சொல் ரெண்டுமா?"

அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். முன் பாதி மட்டும்தான் என்று. அதற்குள் ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அவர் பேசத் தொடங்கிவிட்டார். "இசையும் சொல்லும் மன்சனீயோ லௌரியானோ வெர்தேசியா!" என் பெயர் முதல்முறையாகக் காற்றில் போனது. பத்து வருடம் கனவு கண்ட விஷயம். அதன் பின்னாலேயே தையல்காரியும் ஐஸ்காரனும் போனார்கள்.

பஸ்ஸில் வரும்போது எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் சன்னல் பக்கம் உட்கார்ந்து கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 11

நாலு ஊரிலிருந்து அழைப்பு. தெருவில் தெரியாதவர்கள் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். இத்தனை பேருக்கு என்னைத் தெரிந்த காலம் இதற்கு முன் இல்லை. இத்தனை நாள் யாரோடும் பேசாமல் இருந்த காலமும் இல்லை.

ஜூலை 13

சந்தையில் ஒனேலியா. எதெல்மிராவின் அக்கா. வாழைக்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து, "லௌரியானோ, நில்லு" என்றாள். நின்றேன்.

"நீ இவ்வளவு கேவலமானவன்னு நான் நினைக்கல."

"நான் என்ன செஞ்சேன்?"

"ஓல்கீன்ல கடை வாசல்ல நின்னு பாடறானுங்க. தையல்காரி, ஊசி நூலு எங்கடீன்னு. நம்ம ஊர்க்காரன் எவனோ போய் அவதான்னு சொல்லியிருக்கான். ஐஸ் வண்டி தெருவுல வந்தா அவ கதவை மூடிக்கிறா. துணி தைக்கக் கொடுக்க வர்றவளுங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாளுங்க. நீ வேற இடம் பாருன்னு அத்தை சொல்லிட்டா. கட்டின பெண்டாட்டியைப் பத்தி இப்படியா பாட்டுக் கட்டுவே?"

"அது நான் கட்டினது இல்ல. சிப்ரியானோ..."

"ரேடியோவுல உன் பேர்தான் வருது."

சுற்றிலும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவன், மெதுவாகத்தான், பல்லவியைச் சீட்டியடித்தான். ஒனேலியா அவன் பக்கம் ஒரு வாழைக்காயை வீசிவிட்டுப் போனாள்.

எதெல்மிரா கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளா? தெருவில் எவனாவது வம்பு பேசினால் பல்லில் குண்டூசியைக் கடித்தபடியே திருப்பிக் கொடுக்கிறவள்.

ஜூலை 16, ஞாயிறு

ஒத்திகையில் சொன்னேன்: அந்தப் பல்லவி இனி வேண்டாம்.

சிப்ரியானோ தாளம் தட்டும் கிளாவேக் கட்டைகளை மேசையில் வைத்தான். "உனக்குப் பைத்தியமா? நம்மளைக் கூப்பிடறதே அதுக்குத்தான்."

"அவளைக் கடையை விட்டுத் துரத்தறாங்க."

"உன்னை விட்டுட்டுப் போனவடா அவ!"

"போனா. அதனால?"

போங்கோ மேளம் வாசிக்கும் உல்பியானோ தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "நாம நிறுத்தினா மட்டும்? பயாமோவுல ரெண்டு குழு இப்பவே பாடுது. சந்தியாகோவுல குழந்தைங்க பாடுது. ஆத்துல விட்ட தண்ணியை எங்க போய் அள்ளுவே?"

அவன் சொன்னது சரி. நான் குழுவை விட்டு விலகினாலும் பாட்டு விலகாது.

ஜூலை 24

புதுப் பல்லவி எழுதினேன். அழகான பல்லவி. கடல், நிலா, திரும்பி வரும் படகு. நேற்று பயாமோவில் பாடிப் பார்த்தோம். இரண்டு சுற்றுத்தான். "ஐஸ்காரன்! ஐஸ்காரன்!" என்று தரையை மிதித்தார்கள். சிப்ரியானோ என்னைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான். ஐஸ்காரனை அவிழ்த்துவிட்டான்.

அழகு போதாது. சிரிக்க வந்தவர்களுக்கு நிலாவைக் கொடுத்தால்?

ஆகஸ்ட் 2

ஒரு சிரிப்பை எடுக்க வேண்டுமானால் அதைவிடப் பெரிய சிரிப்பைக் கொடுக்க வேண்டும். யாரைக் கொடுப்பது? யாரையாவது பார்த்துத்தான் சிரிப்பார்கள். ஐஸ்காரனுக்கு முகம் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

பட்டறைக்குப் போகவில்லை. எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6

வந்துவிட்டது. குளித்துக்கொண்டிருக்கும்போது. சோப்பு நுரையோடு ஓடி வந்து எழுதினேன்.

"வீடு எரியுது!"ன்னு அவ கத்தினாளே...
"பொறு பொறு, ரெண்டாங்கம்பி இறங்கிடுச்சு!"

எது நடந்தாலும் கிதார்க் கம்பிக்குச் சுருதி கூட்டிக்கொண்டே இருக்கும் புருஷன். 'பொறு பொறு, ரெண்டாங்கம்பி' எல்லோரும் பாடுவது. முன்வரியில் எதை வேண்டுமானாலும் போடலாம். வெள்ளம் கூரைக்கு வந்துச்சே. பொறு பொறு, ரெண்டாங்கம்பி. கட்டில்ல கழுதை ஏறிச்சே. பொறு பொறு. பெட்டியைக் கட்டிட்டாளே. பொறு பொறு. தெருமுனை தாண்டிட்டாளே...

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசி வரி வரும் வரை.

ஆகஸ்ட் 9

உல்பியானோவுக்குப் பாடிக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் போங்கோ முழங்காலிலிருந்து விழுந்து உருண்டது. சிப்ரியானோ சிரிக்கவில்லை.

"உன்னைப் பத்தியே எழுதியிருக்கே."

"ஆமா."

"நான்தான் சத்தியம் பண்ணியிருக்கேனே, உன்னைப் பத்திப் பாட மாட்டேன்னு."

"அதனால என்ன?"

"பாட மாட்டேன். வேணும்னா நீயே பாடிக்கோ."

"என் குரலா? தகர டப்பாவுல கல்லு போட்ட மாதிரி இருக்கும்."

"அப்ப அது உன் பாடு" என்று எழுந்து போனான். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. திருவிழா.

கடற்கரையில் மேடை. நல்ல வெயில், எள் போட இடமில்லாத கூட்டம். காகிதத் தோரணமெல்லாம் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

முன் பாதியை சிப்ரியானோ பாடினான். தாளம் திரும்பியதும் ஒலிவாங்கியை விட்டு விலகி நின்றுகொண்டான். ஒரு நொடி யாருமில்லாத இடம். நான் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். வந்தது தகர டப்பாதான்.

"வீடு எரியுது!"ன்னு அவ கத்தினாளே...

முதலில் கிதார்காரன் ஏன் பாடுகிறான் என்று பார்த்தார்கள். "பொறு பொறு" என்று சொல்லும்போது நிஜமாகவே குனிந்து கம்பியை முறுக்கினேன். அந்த இடத்தில் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு பருத்த அம்மாள் கணவன் முதுகில் பளாரென்று அறைந்து, "நீயேதான்! இது நீயேதான்!" என்றாள். அப்புறம் எல்லாப் பெண்களும். தங்கள் வீட்டு ஆண்களைப் பிடித்து உலுக்கி, என்னோடு சேர்ந்து "பொறு பொறு!" என்று கத்தினார்கள். நான் வெள்ளத்தை விட்டேன், கழுதையை ஏற்றினேன். பெட்டியைக் கட்டவைத்தேன்.

தெருமுனை தாண்டிட்டாளே. அந்த வரியில் என் குரல் உடைந்தது. நடிக்கிறேன் என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

மூன்று முறை பாட வைத்தார்கள். கடைசியில் பக்கத்தில் யாரோ பல்லவி பிடிப்பது கேட்டுத் திரும்பினேன். சிப்ரியானோ. கண் சிவந்திருந்தது. ரம்மாக இருக்கலாம்.

ஐஸ்காரனை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 4

ஐரோப்பாவில் போர் என்று பட்டறையில் பத்திரிகையை உரக்கப் படித்தார்கள். முடித்ததும் தோல் வெட்டுகிறவன் சொன்னான், "ஹிட்லர்கிட்ட சொல்லுங்கப்பா, பொறு பொறு, ரெண்டாங்கம்பி." போர் பயத்திலும் சிரித்தார்கள்.

செப்டம்பர் 21

மறுபடியும் சந்தியாகோ வானொலி. அதே அறிவிப்பாளர், அதே பென்சில். "இசை, சொல் ரெண்டுமா?" என்று கேட்டார். "ரெண்டும்" என்றேன். விளக்கு எரிவதற்கு முன்பே சொன்னேன்.

அக்டோபர் 15

இப்போது எனக்குப் பெயர் லௌரியானோ இல்லை. "ரெண்டாங்கம்பி, ரொட்டி வாங்கிட்டியா?" "ரெண்டாங்கம்பி, மழை வருது, குடையை எடு." திரும்பிப் பார்க்கிறேன். பதில் சொல்கிறேன். வேறென்ன செய்ய? நாய்க்குக்கூட வைத்த பெயர்தான் பெயர்.

வீட்டுக்குள் வந்தால் எந்தப் பெயரும் இல்லை.

நவம்பர் 8

குளிர் காற்று. பயாமோ குழுக்களும் இப்போது புதுப் பல்லவிதான் பாடுகிறார்களாம். உல்பியானோ கேட்டுவிட்டு வந்து சொன்னான். தையல்காரி எங்கேயும் இல்லையாம். இரண்டு கிண்ணம் பீன்ஸ் சாப்பிட்டேன்.

டிசம்பர் 23

எதெல்மிரா வந்திருக்கிறாள். ஒனேலியா வீட்டில் கிறிஸ்துமஸுக்கு. நான் பூங்கா வழியாகப் பட்டறையிலிருந்து வந்தேன். அவள் ஒனேலியா வீட்டுப் பக்கம் போகும் பஸ் நிற்கும் இடத்தில், கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். ஒளிந்துகொள்ள இடமில்லை, இரண்டு பேருக்கும்.

"இளைச்சிட்டே" என்றாள்.

"நீ இல்ல."

"அத்தை நல்லாச் சமைப்பா. கடையை என் பேருக்கே எழுதறேங்கறா இப்ப." சற்று நிறுத்தி, "வீடு எரியலையே, லௌரியானோ. சோறுதான் தீஞ்சுது. அதுவும் ரெண்டே தடவை."

"பாட்டுக்குச் சோறு போதாது."

சிரித்தாள். "உன் குரல்! ரேடியோ கெட்டுப் போச்சுன்னு நினைச்சு நான் தட்டினேன்." பிறகு பொட்டலத்தின் முடிச்சைப் பார்த்தபடி கேட்டாள். "அந்த முன் பாதி. விளக்கு, சன்னல்... அது யாருக்கு எழுதினது?"

இது என்ன கேள்வி? "உனக்குத்தான்."

"எனக்கா?"

"நான் வர்ற வரைக்கும் நீதானே விளக்கை வெச்சிருப்பே."

அவள் முகம் எப்படியோ ஆனது. "அது ஊருக்குன்னு நினைச்சேன். பாட்டுன்னா ஊருக்குத்தானேன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மனுஷா."

சொல்ல வேண்டியது இப்போது நிறைய இருந்தது. பஸ் வந்துவிட்டது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். படியில் ஏறினவள் திரும்பினாள்.

"நீ போனப்புறம் வீடு நல்லா இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள். கோபமாக இல்லை. "எனக்கு அங்க நல்லா இருக்கு."

அவ்வளவுதான். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வாக்கியம் பேசிவிட்டேன். ஒரு வருடம் தாமதம்.

டிசம்பர் 24

சிப்ரியானோ வந்து இழுத்துக்கொண்டு போனான். அவன் வீட்டில் பன்றி வறுவல். அவன் பிள்ளைகள் என் மடியில் ஏறி 'பொறு பொறு' பாடினார்கள். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

1940 ஜனவரி 14, ஞாயிறு

ஓல்கீனில் மதிய நடனம். முதல் முறையாக அந்த ஊர். போவதற்கு முன் சிப்ரியானோவிடம் சொன்னேன், இன்று முன் பாதியை இரண்டு தடவை பாடு என்று. "ஆடறவங்க கோவிச்சுக்குவாங்க" என்றான். ஆனாலும் பாடினான், இரண்டாவது தடவை இன்னும் மெதுவாக. ஆடுகிறவர்கள் கவனிக்கவே இல்லை.

அவள் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். மஞ்சள் உடை, அவளே தைத்ததாகத்தான் இருக்கும். பக்கத்தில் கடைப் பெண்கள் இரண்டு பேர். முன் பாதி முடியும் வரை அசையவில்லை.

பிறகு நான் என் தகர டப்பாவைத் திறந்தேன். கூடம் முழுக்க "பொறு பொறு!" என்றது. அவளும் சொன்னாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்து, பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விட உரக்க. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது எந்த வருடம்?

நாங்கள் வாத்தியங்களைக் கட்டி முடிப்பதற்குள் போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் சிப்ரியானோ என் தோளில் சாய்ந்து தூங்கினான். ஊர் நெருங்கும்போது கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"வந்திருந்தாளா?"

"வந்தா."

"என்ன பண்ணினா?"

"பாடினா."